வட ஆர்க்காடு: ஒரு மாவட்டத்தின் எல்லையும் ஆட்சியும்

டிஸ்டிரிக்ட் என்னும் சொல் இங்கிலாந்தில் ஒன்றையும் தமிழகத்தில் வேறொன்றையும் குறித்து வந்தது. அங்கு 1894ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நகர, ஊரக மாவட்டங்கள், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்கள் ஆண்ட சிறு நிலப்பகுதிகள். 1974இல் அவை மறைந்தன. ஈண்டு ஜில்லா என்பது கலெக்டரின் எல்லை. அப்பதவிப் பெயரின் நேர்ப்பொருளே வரி தண்டுவோர் என்பதாகும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு வட ஆர்க்காட்டின் வரலாற்றை நோக்குதல் தகும்.

பல்லவர் காலத்தில் இந்நிலம் படுவூர்க் கோட்டம் எனப்பட்டது. ஆமையூர் என்று அன்று வழங்கிய ஆம்பூரில், ஆநிரை மீட்கப் பொருது மாண்டோர்க்கு நிருபதுங்கன் காலத்தில் நடுகல் எடுத்தனர். எல்லைப்புறத்தூர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. 1749இல் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் போரில் வீழ்ந்ததும் இவ்வூரிலேதான். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தபோது வாணியம்பாடி அதனுடன் வந்தது. ஆம்பூரோ நவாபின் நாட்டில் நின்றது. 1801இல் நவாபின் நாடும் கும்பினியார் வசமாயிற்று. ஆயினும் பழைய கோடு அழியவில்லை. ஆம்பூர் வட ஆர்க்காட்டிலும், பத்துக் கல் தொலைவளவே உள்ள வாணியம்பாடி சேலத்திலும் நூறாண்டுக்கு மேல் இருந்தன. ஒரே பாலாற்று நீரில், ஒரே ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட இரண்டு ஊர்கள் இரண்டு கலெக்டர்களுக்கு மனு எழுதின!

இரயத்துவாரி முறையின் தொட்டிலும் இப்பக்கமே. அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் தங்கிப் பாராமகாலை அளந்தார். அவர்தம் உதவியாளர் தாமஸ் மன்றோ. குடியானவன் ஒவ்வொருவனையும் அரசு நேரே அறிய வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. அறிய விரும்பியது அவன் நிலத்தையும் தீர்வையையுமே என்பது வேறு செய்தி.

1911இல் பெருமாற்றம் நிகழ்ந்தது. அதுவரை தலைநகராயிருந்த சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது; வேலூர் தலைநகராயிற்று; திருப்பத்தூர்த் தாலுகா சேலத்திலிருந்து வந்து சேர்ந்தது. தோல் வட்டாரம் முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் அமைந்தது அப்பொழுதுதான்.

ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தீர்மானத்தைத் தொடர்ந்து 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜில்லா போர்டும் தாலுகா போர்டுகளும் தோன்றின. சாலை, தொடக்கப் பள்ளி, மருத்துவமனை, சத்திரம் ஆகியன அவற்றின் பொறுப்பு. வேலூர், வாலாசாப்பேட்டை நகராட்சிகள் அதற்கும் முந்தியவை, 1866இலேயே ஏற்பட்டவை. இத்தகைய உள்ளாட்சியின் பயன் எதுவெனக் கேட்பார்க்கு ஒரு சான்று கூறலாம். திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சிறிது காலம் பணிபுரிந்த இளைஞர் ஒருவர், பின்னர் அவ்வூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். அவரே டாக்டர் மு. வரதராசனார். வருவாய்த் துறையின் இழப்பு தமிழின் ஊதியமாயிற்று.

தாலுகா போர்டுகள் 1934இல் ஒழிந்தன. 1958ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஜில்லா போர்டும் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. மாவட்ட அளவில் அமைந்த வளர்ச்சி மன்றத்திற்குத் தலைவர் மீண்டும் கலெக்டரே! தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட ஊராட்சி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கிடைத்தது.

1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் எனப் பெயர் பெற்றுச் சில ஆண்டுகளில் வேலூர் மாவட்டமாயிற்று. 2019 நவம்பரில் அதுவும் மூன்றாயிற்று. இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில், பேரணாம்பட்டு வேலூரில், வாலாசாவும் மேல்விசாரமும் இராணிப்பேட்டையில். அலுவலகம் அருகில் வந்தது மக்களுக்கு நன்மையே. ஆம்பூரார் ஒரு கையொப்பத்திற்காக வேலூர்வரை செல்ல வேண்டியதில்லை. ஆனால், அதற்கு ஒரு விலையும் இருந்தது. 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்குப் பிற மாவட்டங்களில் 2019 திசம்பரில் தேர்தல் நடந்தது. புதிதாய்ப் பிரிந்த மாவட்டங்களில் எல்லை வரையறை முடியாமையால் 2021 அக்டோபர்வரை காத்திருக்க நேர்ந்தது. ஐந்தாண்டுகள் சிற்றூர்க் குடிநீரும் தெருவிளக்கும் தனி அலுவலர்களின் கையில் இருந்தன.

குடிநீர் என்பது இவ்வட்டாரத்தில் சிறு செய்தியன்று. ஆவாரம் பட்டை போய்க் குரோமியம் வந்தது. 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டதும் அம்மாற்றம் விரைந்தது. ஊருக்குச் சோறிட்ட தொழிலே கிணற்று நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28ஆம் நாள், மாசுபடுத்துவோரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் கூறெனக் கூறியது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றும் ரூ.10,000 தண்டம் செலுத்த ஆணையிட்டது. உலகச் சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் பயிலப்படுவது இத்தீர்ப்பினால்தான். 2025 சனவரி 30இல் அந்நீதிமன்றம் மீண்டும், இழப்பீடு பெறாதோர்க்கு அதனை அரசே முதலில் வழங்கி, ஆலைகளிடமிருந்து திரும்பப் பெறுமாறு பணித்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. அவ்வழக்கு வேலூர் மாவட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கியிருக்கிறது. அதில் பேசப்படும் ஆலைகளில் பல இப்போது இராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் உள்ளன.