தகரம் என்று பெயரெடுத்த வாத்தியம்

அமெரிக்காவில் பழைய உலோகக் கிளாரினெட் பலவும் மேசை விளக்குக்குத் தண்டாகிவிட்டன. வாசித்த வாத்தியத்துக்கு இப்படியொரு கதி!

1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் டென்னர் என்ற கைவினைஞர் உருவாக்கிய முதல் கிளாரினெட் மரக் குழல்தான். பின்னாளில் ஆப்பிரிக்கக் கருமரம் அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் குளிர்ந்த குழலுக்குள் சூடான ஈர மூச்சு போனால் கருமரம் வெடிக்கும். திறந்தவெளியில் நடந்துகொண்டே வாசிக்கும் ராணுவ பேண்டுக்காரர்களுக்கு அது தீராத தலைவலி. உலோகம் வெடிக்காது. அதனால் 19ஆம் நூற்றாண்டிலேயே பித்தளையிலும் வெள்ளியிலும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் கான் நிறுவனம் குழலுக்குள் குழல் வைத்து இரட்டைச் சுவரில் செய்தது. பாஸ்டனில் ஹேன்ஸ் நிறுவனமும் அப்படியே செய்தது. இவை தொழில்முறைக் கலைஞர்களுக்கான உயர்ந்த சரக்கு.

பெயர் கெட்டது 1920, 30களில். பள்ளிக்குப் பள்ளி பேண்டு முளைத்த காலம் அது. ஒற்றைச் சுவரில் மலிவு வாத்தியங்கள் குவிந்தன. துளை சரியாக மூடாது, சுருதி நிற்காது, போதாததற்கு ஊதுவது கற்றுக்குட்டி. பழி உலோகத்தின் மேல் விழுந்தது. பிளாஸ்டிக் வந்ததும் பள்ளிகளும் கைவிட்டன.

உலோகம் உண்மையிலேயே குற்றவாளியா? 1964இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பேக்கஸ் சோதித்தார். குழலின் சுவர் அதிர்வதால் நாதத்தில் காதுக்குக் கேட்கும் மாற்றமில்லை என்றே முடிவு வந்தது. உள்ளிருக்கும் காற்று, அதன் வடிவம், ஊதுவாய், ரீடு இவைதான் நாதத்தைத் தீர்மானிப்பவை. கலைஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்தைக் கொண்டாடும் நமக்கும் ஏற்பது கடினம்தான். ஆனால் ஆழ்வார்திருநகரியிலும் கும்பகோணத்திலும் கல்லிலேயே நாகஸ்வரம் உண்டே!

கிளாரினெட்டும் நமக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே நிலைநிறுத்தினார்.

புதுமடம் போன்ற ராமநாதபுரக் கடலோர ஊர்களில் உலோகக் கிளாரினெட்டின் பெருமை பாதி கரைந்துவிடும். ஈரக் காற்றில் மரம் காய்ந்து பிளக்கும் பயம் குறைவு. உப்போ முலாமையும் திருகையும் அரிக்கும். வெயிலில் வைத்தால் உலோகம் சட்டென்று சூடேறி, சுருதியும் ஏறிவிடும்.

துருக்கியில் உலோகத்துக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. அங்கே கல்யாண மேடைகளில் நீளமான ஜி சுருதி உலோகக் கிளாரினெட்டைத் தேர்ந்த கலைஞர்களே விரும்பி வாசிக்கிறார்கள்.