அழுக்குச் சட்டையும் கிழிந்த நோட்டும்

எங்க வலங்கைமானில் யாராவது இன்டர்வியூவுக்குக் கிளம்பினால், பெரியவர்கள் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை உதாரணம் காட்டுவார்கள். 1869-இல் இங்கே பிறந்து, ஆங்கிலப் பேச்சாலேயே உலகம் அறிய உயர்ந்தவர். பேச்சுதான் முக்கியம்ப்பா என்பார்கள்.

எனக்கென்னவோ பக்கத்துக் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன்தான் ஞாபகத்துக்கு வருவார். எஃப்.ஏ. தேறாதவர். 1910-இல் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். நோட்டைப் புரட்டிய ஐயருக்கு, இந்த மூளையை ரெவின்யூ ஆபீஸில் அடைக்க மனசு வரல. வேலை தராமல் சென்னைக்கு அனுப்பினார்.

அடுத்துப் பார்த்தவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். சவரம் செய்யாத முகம், சுத்தம் போதாத தோற்றம், கக்கத்தில் நைந்த நோட்டு, மின்னும் கண்கள் என்று அந்தச் சந்திப்பைப் பிறகு அவரே எழுதியிருக்கிறார். முதலில் அவருக்கு ஒண்ணும் பிடிபடல. ஆனால் விரட்டவில்லை, மறுபடி வரச் சொன்னார். புரிந்ததும் மாதச் செலவைத் தானே ஏற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது.

ஐயர், ராவ் இருவருமே கணிதப் பித்தர்கள். சட்டையைத் தாண்டி நோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். இன்டர்வியூவில் தேறவேண்டியது கேட்பவரும்தான்.