லினக்ஸ் மடிக்கணினி தூங்கக் கற்றுக்கொண்ட கதை

மடிக்கணினியை மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழ வேண்டும். கேட்க எளிது. லினக்ஸில் இது கைகூடப் பல வருடங்கள் ஆயின.

முதலில் இரண்டு தூக்கங்களையும் பிரித்துப் பார்ப்போம். சஸ்பெண்டில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போச்சு! ஹைபர்னேட்டில் ரேமில் உள்ளதெல்லாம் வன்தட்டில் எழுதப்பட்டு, கணினி முழுதாக அணைந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. பக்கத்திலேயே இருக்கும் காரைக்கால்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

1992-ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் ஏ.பி.எம். முறையைக் கொண்டுவந்தன. அதில் தூங்க வைக்கும் வேலையைப் பெரும்பாலும் பயாஸே பார்த்துக்கொண்டது. 1996 டிசம்பரில் இந்த இரண்டு நிறுவனங்களோடு தோஷிபாவும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ.யை வெளியிட்டது. பொறுப்பு இயங்குதளத்தின் தலைக்கு மாறியது. தயாரிப்பாளர்களோ பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே சோதித்து விற்றார்கள். விளைவு, லினக்ஸில் கணினி எழுந்தாலும் திரை கறுப்பாகவே நிற்கும்.

ஹைபர்னேட்டுக்கான வேலையை காபோர் குட்டி தொடங்கினார், பாவெல் மாச்செக் தொடர்ந்தார். 2002-ல் அது 2.5 கர்னலில் சேர்ந்தது. நைஜல் கன்னிங்ஹாம் தனியாக வளர்த்த டக்ஸ்ஆன்ஐஸ் பலருக்குப் பிடித்திருந்தும் கடைசிவரை அதிகாரப்பூர்வ கர்னலில் இடம்பெறவில்லை. 2009-ல் வந்த 2.6.29 கர்னல், இன்டெல் திரைச் சில்லைத் தானே கையாளத் தொடங்கியதும் கறுப்புத் திரைத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. இரண்டும் ஒரே வன்தட்டில் இருந்தால் ஓர் ஆபத்து உண்டு. விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு, லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையலாம்.

இன்றும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ரேமில் உள்ளதைத் தாங்கும் அளவுக்கு ஸ்வாப் இடம் வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் பல லினக்ஸ் வகைகள் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே ஒருமுறை ஹைபர்னேட் செய்து, சரியாக எழுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.