பாதி யானைகள் நிற்கும் ஊர்: ஷாம்பேரியும் சிந்தியாவின் தளபதியும்

ஆல்ப்ஸ் மலைன்னு சொன்னதும் நமக்கு சுவிட்சர்லாந்துதான் ஞாபகம் வரும். பனி, டூயட், ஷிஃபான் புடவை. இன்னைக்கு நாம அந்தப் பக்கம் போகப் போறதில்ல. அதே மலைத்தொடரின் பிரெஞ்சுப் பக்கத்தில், லியோன் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில், ஷாம்பேரின்னு ஒரு பழைய ஊர் இருக்கு. ரெண்டு மலைகளுக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு, அதுல ஊர். அந்த ஊரின் நட்டநடுவில் நாலு யானைகள் நிக்குது.

ஆல்ப்ஸ்ல யானை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா மெட்ராஸ், காஞ்சிபுரம், லக்னோ, அலிகர்னு சுத்தி வரணும். இன்னைக்கு எபிசோடு அந்தச் சுற்றுதான்.

முதலில் ஊர்

ஷாம்பேரி ரொம்ப காலம் பிரான்ஸ் கிடையாது. சவோய் என்ற தனி அரசின் தலைநகரம் அது. சவோய் பிரபுக்களின் கோட்டை இன்னும் இருக்கு. இப்போது டுரின் நகரில் இருக்கும் புகழ்பெற்ற ‘டுரின் சவத்துணி’ முன்பு இந்தக் கோட்டைத் தேவாலயத்தில்தான் இருந்தது. 1532-ல் இங்கே நடந்த தீ விபத்தில் கருகிய அடையாளங்களோடுதான் அது 1578-ல் டுரினுக்குப் போனது. தலைநகரமும் அதற்கு முன்பே, 1560-களில், டுரினுக்குப் போய்விட்டது.

பெரிய தேவாலயத்துக்குள்ள போனா மேற்கூரை முழுக்க நுணுக்கமான கல் செதுக்கல் மாதிரி தெரியும். ஒரு உளிவேலை கூட கிடையாது. எல்லாமே தட்டையான சுவரில் தீட்டிய ஓவியம், கண்ணை ஏமாத்துற வேலை. ஊருக்கு வெளியே தத்துவவாதி ரூசோ இளவயதில் தங்கிய வீடு இருக்கு. இதையெல்லாம் ஒரு நாளில் பார்த்துடலாம்.

பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1792-ல் சவோயைப் பிடித்தன. நெப்போலியன் வீழ்ந்ததும் அது சார்டீனிய மன்னரிடம் திரும்பியது. 1860-ல்தான் நிரந்தரமாகப் பிரான்ஸுடன் சேர்ந்தது. யானை நீரூற்று திறக்கப்பட்டது 1838 டிசம்பரில். அதாவது ஷாம்பேரி பிரெஞ்சு ஊர் ஆவதற்கு 22 வருஷம் முன்பே அங்கே இந்திய யானை வந்துவிட்டது.

பின்பக்கம் இல்லாத நால்வர்

நீரூற்றைச் செய்தவர் பக்கத்து ஊரான கிரெனோபிளைச் சேர்ந்த சிற்பி சப்பே. நாலு யானைகளும் வார்ப்பிரும்பு. தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டும். நடுவில் பனைமரத் தண்டு மாதிரி ஒரு தூண். தூணின் உச்சியில் ராணுவ உடையில் ஒருவர். மொத்தம் 17 மீட்டருக்கு மேல் உயரம்.

யானைகளுக்கு முன்பாதி மட்டும்தான் உண்டு. நாலு யானைகளும் முதுகோடு முதுகு ஒட்டி நாலு திசையைப் பார்த்து நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் வரும். சவோய் அரசின் சின்னமே சிலுவைதான். ஆனா ஊர் மக்கள் மேலிருந்து பார்க்கலையே, கீழிருந்து பார்த்தாங்க. ‘பின்பக்கம் இல்லாத நால்வர்’னு பேர் வச்சாங்க. நான் கொஞ்சம் மரியாதையா மொழிபெயர்த்திருக்கேன், பிரெஞ்சுல இதைவிடப் பச்சையா இருக்கும்.

உச்சியில் நிற்பவர் பெயர் ஜெனரல் கோமகன் பெனுவா த புவாஞ். நம்ம ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் ‘டி பாய்ன்’னு போட்டிருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான்.

தோல் வியாபாரி மகன், மெட்ராஸில்

அவர் பிறக்கும்போது கோமகனும் இல்லை, ‘த புவாஞ்’சும் இல்லை. 1751-ல் ஷாம்பேரியில் ஒரு தோல் வியாபாரியின் மகனாகப் பிறந்த பெனுவா லெபோர்ஞ். பிரெஞ்சில் ‘போர்ஞ்’ என்றால் ஒற்றைக்கண்ணன் என்று அர்த்தம். பெயரைப் பிறகு அவரே நாசூக்காக மாற்றிக்கொண்டார்.

அந்தக் கால சமூகத்தில் வியாபாரி மகன் பெரிய ராணுவ அதிகாரி ஆவது ரொம்பக் கஷ்டம். பிரெஞ்சு மன்னரின் ஐரிஷ் ரெஜிமென்டில் சேர்ந்தார். பதவி உயர்வு வரல. ரஷ்யாவுக்காகத் துருக்கியரோடு சண்டை போடப் போனார். பிடிபட்டு கான்ஸ்டான்டினோபிளில் சிறைவாசம். பிறகு எகிப்து வழியாக 1778-ல் வந்து இறங்கிய இடம் மெட்ராஸ்.

கையில் காசில்லை. வாள்வீச்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் சுதேசிக் காலாட்படையில், 6-வது ரெஜிமென்டில், ‘என்சைன்’ வேலை கிடைத்தது. அதிகாரிகளில் கடைசிப் படி.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் புள்ளலூர். ஆங்கிலப் புத்தகங்களில் ‘பொல்லிலூர்’. கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்து அழித்தார்கள். அந்த நூற்றாண்டில் கம்பெனி இந்தியாவில் வாங்கிய மிகப் பெரிய அடிகளில் ஒன்று அது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்தப் போர் ஓவியமாக இருக்கு, போனா பாருங்க. லெபோர்ஞ்சின் ரெஜிமென்ட் அங்கேதான் சிக்கியது. அவர் அந்த நேரம் தானிய வண்டிகளுக்குக் காவலாகப் போயிருந்ததால் தப்பினார். அந்த வண்டிகள் மட்டும் இல்லைன்னா ஷாம்பேரியில் யானை இல்லை.

சிந்தியாவின் படை

1782-ல் மெட்ராஸை விட்டுக் கல்கத்தா, அங்கிருந்து லக்னோ. 1784-ல் மராட்டியத் தலைவர் மகாத்ஜி சிந்தியாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் ரெண்டு பட்டாலியன். சில வருஷங்களில் அது மூன்று பிரிகேடு ஆனது. அவத், கங்கை-யமுனை தோவாப் பகுதிகளிலிருந்து ஆள் எடுத்து, ஐரோப்பிய பாணியில் பயிற்சி கொடுத்து, பீரங்கியோடு நிறுத்தினார். கொடியில் சவோயின் வெள்ளைச் சிலுவை. மராட்டியச் சம்பளம் வாங்கும் இந்துஸ்தானிப் படை, ஆல்ப்ஸ் ஊரின் கொடியோடு.

1790-ல் ஜூன் மாதம் பாட்டன், செப்டம்பரில் மெர்தா. ராஜஸ்தானில் நடந்த இந்த ரெண்டு போர்களில் ராஜபுத்திரக் குதிரைப்படை வரிசை வரிசையாகப் பீரங்கி வாயில் மடிந்தது. வட இந்தியாவில் சிந்தியாவை எதிர்க்க ஆளில்லை என்ற நிலை அப்படித்தான் வந்தது.

அந்தக் காலத்துப் படைகளில் சிப்பாய்க்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நிற்பது சாதாரணம். புவாஞ் படையில் சம்பளம் ஒழுங்காக வந்தது. காயம்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டு, ஊனமுற்றவருக்கு ஓய்வூதியம் உண்டு. அதனால் ஆள் வந்து சேர்ந்தார்கள்.

சரி, அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தணும். படைச் செலவுக்காக சிந்தியா தோவாப் பகுதியில், அலிகரைச் சுற்றி, பெரிய நிலப்பரப்பை அவருக்கு ஒதுக்கினார். அங்கே விளைந்த நிலத்தின் வரியை வசூலிப்பது அவர் பொறுப்பு. அதிலிருந்து படைக்குச் சம்பளம், அவருக்குச் சம்பளம், அதற்கு மேல் கமிஷன். கூடவே அவுரிச் சாயம், துணி வியாபாரம். அது எப்படிப்பட்ட நிலம்? 1783-84-ல் சாலிசா பஞ்சம் அடித்துப் போட்ட பகுதி. அதிலிருந்து பிழைத்து எழுந்த விவசாயிகள் கட்டிய வரி அது.

இன்னொரு விஷயம். ஆங்கிலேயரை எதிர்த்து ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று அவர் சிந்தியாவிடம் நிபந்தனை வைத்திருந்தார். சேர்த்த பணமும் கம்பெனி வழியாகத்தான் ஐரோப்பா போயாகணும். 1796-ல் அவர் கப்பலேறினார். அவருக்குப் பின் படையை நடத்திய பிரெஞ்சுக்காரர் பெரோன், 1803-ல் கம்பெனியோடு போர் வந்ததும் ஆங்கிலேயரிடம் சரணடைந்து தன் சொத்தோடு கிளம்பினார். தளபதி போன பிறகும் சிப்பாய்கள் நின்றார்கள். டெல்லியில், அசாயேயில், லாஸ்வாரியில் சண்டை போட்டுச் செத்தார்கள். அந்த வருஷம்தான் டெல்லி கம்பெனியின் கைக்குப் போனது.

நன்றியும் வதந்தியும்

புவாஞ் லண்டன், பாரிஸ் எல்லாம் சுற்றி 1802-ல் ஷாம்பேரிக்கே திரும்பினார். ஊருக்கு அள்ளிக் கொடுத்தார். முதியோர் இல்லம், மனநோயாளிகளுக்கான மருத்துவமனை, நாடக அரங்கு, கல்வி. இருட்டுச் சந்துகளாக இருந்த பழைய ஊரை வெட்டி, ரெண்டு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்களோடு ஒரு நேர் சாலை. இன்றும் அது புவாஞ் சாலைதான், கோட்டைப் பக்கத்தையும் யானைகளையும் இணைக்குது. மழையில் நனையாமல் நடக்கலாம். அவர் வாழ்ந்த புவிசோன்-ரோன் மாளிகைத் தோட்டம் இப்போது ஊர்ப் பூங்கா. 1816-ல் சார்டீனிய மன்னர் கோமகன் பட்டம் கொடுத்தார். 1830-ல் இறந்தார்.

இவ்வளவு கொடுத்தும் ஒரு வதந்தி விடவில்லை. திப்பு சுல்தானைக் காட்டிக்கொடுத்துச் சம்பாதித்த காசு என்று ஐரோப்பாவில் பேசினார்கள். தேதியை மட்டும் பாருங்க. திப்பு இறந்தது 1799 மே 4. அதற்கு மூன்று வருஷம் முன்பே புவாஞ் இந்தியாவை விட்டுப் போய்விட்டார். திப்புவிடம் அவர் வேலை பார்த்ததே கிடையாது. வதந்தி முழுப் பொய்.

ஆனா இந்தப் பொய் ஒரு வேலை செய்தது. ‘திப்புவுக்குத் துரோகம் செய்தாரா, இல்லையா’ என்பதே கேள்வி ஆகிவிட்டது. இல்லை என்று நிரூபித்ததும் பணம் சுத்தமாகிவிட்டது. தோவாப் வரியைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லாமல் போனது.

நூர் பேகம்

இன்னொருவரைப் பற்றியும் பேசாமல் இந்தக் கதை முடியாது. இந்தியாவில் புவாஞ் இஸ்லாமிய முறைப்படி மணந்த பெண், நூர் பேகம். ரெண்டு குழந்தைகள், பானு ஜான், அலி பக்ஷ். லக்னோவில் வரையப்பட்ட ‘பால்மர் குடும்பம்’ என்ற ஓவியம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கு. பால்மரின் துணைவி நூரின் அக்கா. அந்த ஓவியத்தில் இருக்கும் பெண்களில் ஒருவர் நூர் என்று கருதுகிறார்கள்.

குடும்பத்தோடு இங்கிலாந்து போனார்கள். நூர், ஹெலன் பென்னெட் ஆனார். பிள்ளைகள் ஆன், சார்ல்ஸ் ஆனார்கள். 1798-ல், 47 வயதில், புவாஞ் லண்டனில் அடேல் தோஸ்மோன் என்ற 17 வயதுப் பிரபுகுலப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பணம் இவரிடம், குலம் அவரிடம். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. தன் கடந்த காலத்தை மறைத்துவிட்டார் என்று அடேல் பிறகு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். பிரெஞ்சு இலக்கியத்தில் இன்றும் படிக்கப்படும் புத்தகம் அது.

நூருக்கு மாதாமாதம் செலவுப் பணம் வந்தது. தெற்கு இங்கிலாந்தில் ஹார்ஷம் பக்கத்தில் தனியாக வாழ்ந்தார். அக்கம்பக்கத்தினர் ‘கறுப்பு இளவரசி’ என்று கூப்பிட்டார்கள். மகள் இளவயதிலேயே இறந்துவிட்டாள். மகன் சார்ல்ஸை அப்பா ஷாம்பேரிக்கு அழைத்துக்கொண்டார். அடேலுக்குக் குழந்தை இல்லை. அதனால் கோமகன் பட்டத்துக்கு வாரிசு, லக்னோ அம்மாவின் பிள்ளை அலி பக்ஷ்தான். புவாஞ் பெயரைத் தொடர்ந்து சுமந்த குடும்பம் மொத்தமும் நூர் பேகத்தின் வம்சம்.

1838-ல் ஷாம்பேரியில் நீரூற்றைத் திறந்தபோது நூர் ஹார்ஷமில் உயிரோடுதான் இருந்தார். அதற்குப் பிறகும் 15 வருஷம் வாழ்ந்து 1853-ல் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

அப்போ அங்க போய் என்ன பார்க்கறது?

சிலையை இடிக்கணும், பெயரை மாத்தணும்னு நான் சொல்ல வரல. புவாஞ் கம்பெனிக்காரரைப் போலக் கொள்ளையடிக்க வந்தவர் இல்லை. ஓர் இந்திய ஆட்சியாளரிடம் வேலைக்கு இருந்து, அவருக்கு வெற்றி தேடிக் கொடுத்தவர். சம்பாதித்ததை ஊருக்கும் கொடுத்தார். அதே சமயம், ஒரு ஊரின் முதியோர் இல்லம் இன்னொரு ஊரின் நெல் கோதுமையிலிருந்து கட்டப்பட்டது என்பதும் உண்மை. இந்த ரெண்டில் எதைச் சொன்னாலும் மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பல நினைவுச் சின்னங்கள் பணம் வந்த வழியை மறைக்கும். ஷாம்பேரி மறைக்கல. நாலு யானையை நடுத்தெருவில் நிறுத்தி ‘இந்தியாவிலிருந்து வந்தது’ன்னு சொல்லிடுச்சு. ஆனா இந்தியான்னா அங்கே யானைதான். வரி கட்டிய விவசாயி இல்லை, மெர்தாவில் நின்ற சிப்பாய் இல்லை, நூர் இல்லை.

நீங்க எப்போவாவது அந்தப் பக்கம் போனா கட்டாயம் பாருங்க. போட்டோ எடுங்க, பின்பக்கம் இல்லைன்னு சிரிங்க, ஊர்க்காரங்களும் சிரிக்கிறாங்க. கூட வர்றவங்களுக்குப் புள்ளலூரையும் அலிகரையும் ஹார்ஷமில் இருக்கும் கல்லறையையும் பற்றி ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்க. கல்வெட்டில் அது இருக்காது.

இந்த எபிசோடு பிடிச்சிருந்தா வரலாறு பிடிச்ச ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.