சிதறிய அலையின் பயன்

ஆழங்குறைந்த கடலிலே ஒலி ஒரே வழியாற் செல்வதில்லை. நீரின் மேற்பரப்பிலும் அடித்தரையிலும் மோதித் தெறித்து, முந்தியும் பிந்தியும் பல வழிகளால் வந்து சேரும். சாட்டிக்கு அப்பால் விரியும் பாக்குநீரிணையும் இத்தகைய கடலே. கட்டடங்களிடையே செல்லும் வானொலி அலைகளுக்கும் இதே கதிதான். பொறியியலாளர் நெடுங்காலமாக இத்தெறிப்பை இடையூறெனவே கொண்டு, அதன் தீங்கைக் குறைக்கும் வழிகளைத் தேடினர். அதனை ஆதாயமாக்கலாமெனக் காட்டியோருள் முன்னவர், 1944 இற் பொள்ளாச்சியிற் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்.

இளவயதிலே இந்தியக் கடற்படையிற் சேர்ந்த அவர் இளமாணிப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும், டில்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியர் இந்திரேசன் அவரை ஆய்வுக்கு ஏற்றார். 1973 இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. இதற்கிடையில், 1971 டிசெம்பர் 9 இல், ‘குக்ரி’ என்னும் போர்க்கப்பலைப் பாக்கிஸ்தானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. மாண்டோர் 194 பேர். நீரடிப் பகையை ஒலியால் அறியும் சோனார் கருவிகளின் போதாமை அன்று வெளிப்பட்டது. அவற்றைச் செம்மைப்படுத்தும் பணியில் ஈடுபட்ட பால்ராஜ், பின்னர் கொச்சியிலே ‘அப்சோ’ என்னும் சோனார் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1983 இல் அது கப்பலேறியது.

கடற்படையை நீங்கி 1991 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் சென்றார். ஒரே மீடிறனில் வரும் இரு சமிக்ஞைகளைப் பிரிக்கும் ஆய்வில், அலைகள் சிதறும்போது பிரிப்பு எளிதாவதைக் கண்டார். காரணம் கணிதஞ் சார்ந்தது. இரு தெரியாக் கணியங்களுக்கு ஒரே சமன்பாட்டை இருமுறை எழுதிப் பயனில்லை. வேறுபட்ட இரு சமன்பாடுகள் வேண்டும். சிதறல் ஒவ்வோர் அன்ரெனாவுக்கும் வெவ்வேறான கலவையைத் தருகின்றது. ஆகவே பல அன்ரெனாக்களால், ஒரே மீடிறனிற் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம். தோமஸ் கைலாத்துடன் 1992 இல் விண்ணப்பித்த காப்புரிமை 1994 இல் வழங்கப்பட்டது.

துறையினர் உடனே ஏற்றாரல்லர். அன்ரெனா ஒவ்வொன்றுக்கும் தனி உயர்மீடிறன் சுற்று வேண்டும், கணிப்பும் பெருகும். செய்து காட்டுவதே விடையென, 1998 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதனை இன்டெல் 2003 இல் வாங்கியது. அடுத்து அவர் தொடங்கிய பீசீம் என்னும் சில்லு நிறுவனம் 2010 இற் புரோட்கொம் வசமாயிற்று. நான்காந் தலைமுறைக் கைபேசிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன. 2014 இல் மார்க்கோனி பரிசு அவரை வந்தடைந்தது. எனினும் புகழ் முழுவதும் ஒருவருக்கே உரியதன்று. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொஷினி, தெலதார் ஆகியோரே 1990களின் நடுப்பகுதியில் இதன் கொள்ளளவுக் கோட்பாட்டை வகுத்தனர்.