அன்பைப் பாடமாக்கிய அரங்கம்

ஞானம் கற்றவர்களின் வழி, பக்தி கல்லாதவர்களின் வழி என்று பிரித்துப் பேசுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட பழக்கம். அந்தப் பிரிவினையில் கண்ணீரும் கைகூப்புதலும் பக்தியின் பங்குக்கு வருகின்றன. ஆராய்ச்சியும் வாதமும் ஞானத்தின் பங்குக்குப் போய்விடுகின்றன. திருவரங்கத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி பல நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டும் ஓதப்பட்டும் உரை கேட்கப்பட்டும் வந்த வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்காது. அறிவு முற்றினால் அன்பாகும், அந்த அன்பே இறைவனைக் காட்டித்தரும் என்ற கொள்கையின்மேல் எழுந்த வழக்கம் அது. அங்கே அன்புக்கு ஆசிரியர் உண்டு, பாடம் உண்டு, கேள்வி கேட்கும் மாணவரும் உண்டு.

மறைந்துபோயிருந்த பாசுரங்களைத் தேடித் தொகுத்து, பண்ணமைத்து, தம் மருமக்கள் இருவருக்குப் பயிற்றுவித்தவர் வீரநாராயணபுரத்து நாதமுனிகள் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. அந்த ஊர் இன்றைய காட்டுமன்னார்கோயில். நாதமுனிகளின் மரபில் தொடர்ந்துவருவதே அரையர் சேவை. மார்கழித் திருநாளில் பகல் பத்தும் இராப்பத்துமாக நடக்கும் அத்யயன உற்சவத்தில், தலையில் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பெருமாள் முன் நிற்கிறார். பாசுரத்தை இசையோடு பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பிறகு அதே பாசுரத்துக்கு வியாக்கியானமும் சொல்கிறார். பாட்டு உருக்கத்துக்கு, உரை அறிவுக்கு என்று பிரிக்கும் எண்ணம் இருந்திருந்தால் இம்மூன்றும் ஒரே ஆளிடம், ஒரே சந்நிதியில் வந்து சேர்ந்திருக்காது.

இந்த வழக்கத்துக்கு வேதாந்தத்தில் இடம் வகுத்தவர் இராமானுசர். உபநிடதங்கள் சொல்லும் வீடுபேற்றுக்கான அறிவு, வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்வதோடு முடிவதில்லை என்று தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வாதிடுகிறார். எண்ணெய் ஒழுக்குப்போல் அறாத நினைவாக அது நீள வேண்டும். நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவை அடைய வேண்டும். நினைக்கப்படுபவன்மேல் அளவிறந்த பிரியமே அதன் வடிவாக வேண்டும். அந்த நிலையைத்தான் அவர் பக்தி என்கிறார். அவர் ஆணைப்படி திருக்குருகைப் பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு முதல் உரையான ஆறாயிரப்படியை எழுதினார். நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம், நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு முப்பத்தாறாயிரம், அழகிய மணவாளச் சீயரின் பன்னீராயிரம் ஆகியவை பின்னர் வந்தன. படி என்பது 32 எழுத்து. அந்தக் கணக்கில், 1102 பாசுரங்களுக்கு ஈட்டில் மட்டும் பதினொரு லட்சம் எழுத்துக்கு மேல் உரை. வெறும் உணர்ச்சி வெளிப்பாடு என்று கருதிய நூலுக்கு யாரும் இவ்வளவு உழைத்திருக்க மாட்டார்கள்.

அன்பு ஒருவரின் நெஞ்சுக்குள் நிகழ்வது, அதைச் சரிபார்ப்பது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காதல் கொண்டவர் தம் விருப்பத்தையே உண்மையென்று நம்பிவிடக்கூடும். பகவத் விஷயம் என்று பெயர்பெற்ற திருவாய்மொழிப் பாடம் இந்த ஆபத்துக்கு இடம் கொடுக்காதபடி அமைந்தது. பாசுரத்தைத் தனியே படித்து உருகினால் போதாது. ஆசிரியரிடம் காலட்சேபமாகக் கேட்க வேண்டும். ஒரே அடிக்கு நஞ்சீயரின் ஆசிரியர் பட்டர் சொன்ன பொருள் இது, நஞ்சீயர் கேட்ட ஐயம் இது என்று பெயரோடு கருத்து வேறுபாடுகளைப் பதிந்துவைத்திருக்கிறது ஈடு. இராமானுசரே திருமாலையாண்டானிடம் பாடம் கேட்டவர். ஆண்டான் சொன்ன பொருளுக்கு அவர் வேறு பொருள் சொல்ல, மனத்தாங்கலில் பாடம் நின்றுபோனதையும், திருக்கோட்டியூர் நம்பி தலையிட்டு மீண்டும் தொடங்கிவைத்ததையும் மரபு மறைக்காமல் சொல்கிறது. பலர் நடுவே வைத்து மறுக்கவும் திருத்தவும் முடிகிற அன்பைக் குருட்டு உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது.

வேறொரு மறுப்பும் உண்டு. ஆழ்வார் பாடியது கவிதை, பண்டிதர்கள்தாம் அதில் வேதாந்தத்தை ஏற்றினார்கள் என்பது அது. ஸ்ரீபாஷ்யத்தில் ஆழ்வார் பாசுரம் ஒன்றுகூட மேற்கோளாக இல்லை என்பதையும் இதற்குத் துணையாகக் காட்டலாம். உரையாசிரியர்கள் தம் சித்தாந்தக் கண்ணோடுதான் படித்தார்கள் என்பது உண்மையே. ஆனால் திருவாய்மொழியின் முதல் பதிகமே வாதத்தோடுதான் நடக்கிறது. இறைவன் உளன் என்றாலும் இலன் என்றாலும் அவன் இருப்பே நிலைபெறும் என்று மறுப்பவர்களோடு அங்கே ஆழ்வார் வழக்காடுகிறார். தமக்கு வாய்த்த தெளிவு இறைவன் அருளியது என்று தொடக்கப் பாசுரத்திலேயே சொல்கிறார். அப்படித் தொடங்கியவர், நூறு பதிகங்களில் 27 பதிகங்களைத் தாயாகவும் தோழியாகவும் மகளாகவும் நின்று பாடுகிறார். ஞானநிலையில் தாமாகப் பேசுபவர் காதல்நிலையில் பெண்ணாகப் பேசுகிறார் என்று ஆசாரிய இருதயம் என்னும் பின்வந்த நூல் இதை விளக்கும். இரண்டு நிலையிலும் பேசுபவர் ஒருவரே. முன்னர் தத்துவமாக அறிந்தவனையே பின்னர்ப் பிரிவின் வேதனையில் அறிகிறார். கவிஞரிடமே இருந்த இந்த வளர்ச்சியைத்தான் உரையாசிரியர்கள் விரித்தார்கள்.

மிகக் கடினமான மறுப்பு, இந்த அறிவு யாருக்குக் கிடைத்தது என்பது. ஸ்ரீபாஷ்யம் சொல்லும் உபாசனைக்கு வேதக் கல்வி வேண்டும். அது மேல் மூன்று வருணத்தாரோடு நின்றது. சந்நிதியில் ஓதும் கோஷ்டியிலும் சாதி வரம்பு இருந்தது. இதை மழுப்புவது வரலாற்றுக்கும் பக்திக்கும் செய்யும் துரோகம். ஆயினும் அந்த வரம்பை உள்ளிருந்தே கேள்விகேட்ட குரல் இதே மரபில்தான் எழுந்தது. வேளாளர் குலத்தவர் என்று மரபு சொல்லும் நம்மாழ்வாரின் தமிழை, நான்கு வேதமும் கற்றவர்கள் வேதத்துக்கு நிகராக ஏற்று அவரைக் குலபதியாக வணங்கினார்கள். பிள்ளை உலகாசிரியரும் அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும், அடியாரின் பிறப்பை ஆராய்வது இழிசெயல் என்று எழுதிவைத்தார்கள். சரணாகதிக்குக் குலமும் கல்வியும் தகுதி அல்ல என்பது அவர்கள் கொள்கை. நடைமுறை அந்தக் கொள்கைக்கு எட்டாமல் பின்தங்கியது. அதைத் தவறென்று சுட்டும் அளவுகோலை அன்பை அறிவாக மதித்த இந்த நூல்களே நமக்குத் தருகின்றன.

பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் அரங்கன் திருமேனியே ஊர்விட்டு ஊர் அலைந்து 1371இல்தான் திரும்பியது. அதற்குப் பின் வந்த மணவாள மாமுனிகள் பெருமாள் முன்னிலையில் ஓராண்டு முழுதும் ஈட்டைப் பாடம் சொன்னார் என்று கோயில் மரபு போற்றுகிறது. சிதைந்த கோயில் மீண்டெழுந்தபோது, பூசையோடும் திருவிழாவோடும் விரிவுரையும் வேண்டும் என்று திருவரங்கத்து மக்கள் கருதினார்கள். பக்தியின் பெயரால் கேள்வியை அடக்குகிறவர்களுக்கும், பகுத்தறிவின் பெயரால் பக்தியை இகழ்கிறவர்களுக்கும் திருவரங்கம் தரும் பதில் ஒன்றுதான்: நேசிக்கிறவருக்கே முழுதாக அறியும் பொறுமை வாய்க்கும், அறிய மறுக்கும் நேசம் பாதிவழியிலேயே நின்றுவிடும்.