கூட்டத்தொடரின் கடைசி நாள்: சட்டமன்ற உறுப்பினரின் கடமையும் 2023 ஏப்ரல் 21 தரும் பாடமும்

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் நிதிநிலைக் கூட்டத்தொடரில் பெரும்பகுதி நேரம் துறைவாரியான மானியக் கோரிக்கைகளுக்குப் போய்விடுகிறது. உறுப்பினர் தம் தொகுதிக்குப் பாலம், பேருந்து நிலையம், கலைக் கல்லூரி கேட்கிறார். அமைச்சர் பதிலுரையில் புதிய அறிவிப்புகளை வாசிக்கிறார். சட்டமியற்றும் வேலை இறுதிக்குத் தள்ளப்படுகிறது. கடைசி ஓரிரு நாட்களில் சட்டமுன்வடிவுகள் அடுத்தடுத்து எடுக்கப்பட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. இந்த அவசரத்துக்கு அரசமைப்புச் சட்டத்தில் பெரும்பாலும் அடிப்படை இல்லை என்பதும், அதன் சுமை போராடும் வலிமை குறைந்தவர்கள் மீதே விழுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஒரே நாளில் நிறைவேறிய இரண்டு சட்டமுன்வடிவுகள் இதற்குச் சான்று.

முதலில் அரசமைப்பு. 196(3)ஆம் உறுப்பின்படி, கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் நிலுவையிலுள்ள எந்தச் சட்டமுன்வடிவும் காலாவதியாவதில்லை. பேரவை கலைக்கப்பட்டால்தான் அந்த ஆபத்து. உண்மையான காலக்கெடு உள்ளவை இரண்டே வகை: அரசுச் செலவுக்கு அனுமதி தரும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு ஒன்று, அவை மீண்டும் கூடிய ஆறு வாரத்தில் செயலிழக்கும் அவசரச் சட்டங்களுக்கு மாற்றாக வருபவை மற்றொன்று. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாட்களுக்கு நடக்கிறது. அதற்குள் நிறைவேறாதது செத்துப்போகிறது. அங்குள்ள உறுப்பினரின் கடைசி வார ஓட்டத்துக்குச் சட்டமே காரணம். இங்கே காரணம் பழக்கம்.

2023 ஏப்ரல் 21 அந்த ஆண்டு நிதிநிலைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த)ச் சட்டமுன்வடிவு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இந்தியக் கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம் என வேலைக்கு வரம்பு கட்டியிருந்தது. சட்டமுன்வடிவின் புதிய 65ஏ பிரிவோ, வேலை நேரம், ஓய்வு இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது.

இங்கு ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். வார வேலை நேரம் 48 மணியாகவே நீடிக்கும், நான்கு நாள் வேலை செய்து மூன்று நாள் விடுப்புப் பெறும் வசதியே இது என்று அரசு விளக்கியது. ஆனால் விலக்களிக்கத்தக்க பிரிவுகளின் பட்டியலில், அந்த 48 மணி வரம்பை விதிக்கும் 51ஆம் பிரிவும் இருந்தது. வரம்பு மாறாது என்றால், அந்தப் பிரிவுக்கு விலக்களிக்கும் அதிகாரம் எதற்கு? தெரிவுக் குழுவில் ஒரே அமர்வில் எழுந்திருக்கக்கூடிய கேள்வி இது. பட்டியலிலிருந்து அந்தப் பிரிவை நீக்கும் ஒரு திருத்தம், விளக்கத்தையும் வாசகத்தையும் பொருத்திப் பார்க்க உதவியிருக்கும். அதற்கான இடமும் நேரமும் கடைசி நாளில் இல்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 24 அன்று அவற்றுடன் பேச்சு நடந்து சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மக்கள் குரலுக்கு அரசு செவிசாய்த்தது பாராட்டுக்குரியது. ஆயினும், பேரவை நிறைவேற்றியதைப் பேரவைக்கு வெளியே திருத்த நேர்ந்தது அவைக்குப் பெருமை அல்ல.

அதே நாளில் நிறைவேறிய இன்னொன்று தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமுன்வடிவு. 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ உள்ளடங்கிய பரப்பில் அமையும் திட்டங்களுக்காக, இடையிலுள்ள அரசு நிலத்தை மாற்றித் தர அது வழிசெய்கிறது. விவசாயிகளும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். ஆயினும் அது திரும்பப் பெறப்படவில்லை. அதே ஆண்டில் சட்டமானது. ஏரிப் பாசனத்தை நம்பும் சிறு விவசாயியிடமும் மேய்ச்சல்காரரிடமும், ஆலையை நிறுத்தும் வலிமைக்கு ஈடான ஆயுதம் இல்லை. அவர்களுக்காக அவையில் பேசச் சட்டமன்ற உறுப்பினரை விட்டால் வேறு யாரும் இல்லை. தெருவில் திருத்திக்கொள்ளலாம் என்ற நிலை வந்தால், தெருவில் வலுவுள்ளவர்களுக்கு மட்டுமே நீதி கிடைக்கும்.

ஆளுங்கட்சி உறுப்பினர் என்ன செய்ய முடியும், கொறடா உத்தரவும் 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையும் கையைக் கட்டியுள்ளனவே என்று கேட்கலாம். அவை கட்டுவது வாக்கை. பிரிவு பிரிவாகப் படிப்பதையோ, விளக்கம் கேட்பதையோ, தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கட்சிக்குள் வற்புறுத்துவதையோ அந்த அட்டவணை தடுக்கவில்லை. முதலீடு காத்திராது என்பது இன்னொரு மறுப்பு. பத்து நாளில் கைவிடப்பட்ட சட்டமுன்வடிவு எந்த முதலீட்டாளருக்கும் உறுதி தரவில்லை. இரண்டு மாதம் ஆய்ந்து திருத்திய சட்டம் தந்திருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. 1986இல் மேலவை ஒழிக்கப்பட்டபின், நிறைவேறியதை மறுபடி பார்க்க இரண்டாம் அவை இல்லை. கேரளத்திலும் ஓர் அவைதான்; ஆனால் அங்கே 1980 முதல் இயங்கும் துறைசார் குழுக்கள் சட்டமுன்வடிவுகளைப் பிரிவுவாரியாக ஆய்கின்றன. அத்தகைய குழுக்களை இங்கும் அமைக்கலாம். நிதி, அவசரச் சட்ட மாற்று ஆகிய இரு வகை தவிர வேறெதையும் கூட்டத்தொடரின் கடைசி மூன்று நாட்களில் நிறைவேற்றுவதில்லை என்று பேரவை விதி வகுக்கலாம். எஞ்சியதைக் குழுவுக்கு அனுப்பி அடுத்த கூட்டத்தொடரில் எடுக்க 196(3)ஆம் உறுப்பு இடம் தருகிறது. இதற்கு அரசமைப்புத் திருத்தமோ ஒன்றிய அரசின் ஒப்புதலோ வேண்டியதில்லை. பேரவை தன் விதிகளைத் தானே திருத்திக்கொண்டால் போதும். அந்தத் திருத்தத்தைக் கோரும் முதல் குரல் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழ வேண்டும், ஏனென்றால் விதியை மாற்றும் பெரும்பான்மை அங்கேதான் இருக்கிறது.